மினுவின் முழங்கால்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி வெளியே வந்துவிட்டது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குக் குறி. பாலிகஞ்சில் ஏறிய பஸ் கல்கத்தாவைக் குறுக்கே கடந்து கிடர்பூர் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளிக்குள் நுழையும்போது புடவை பாதி ஈரம்.

வாங்க வேண்டியது: குடை. பெருங்காயம். ரகுவுக்கு மழைச் செருப்பு. (அவருக்கு எதற்கு? சால்ட் லேக் ஆபீஸ், பஸ் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ஆனாலும் என் கணவருக்கு மழை என்றால் புதுச் செருப்பு வேண்டும்.)

எட்டு-பி. பாதி வகுப்பு வரவில்லை. வருஷா வருஷம் இதே கதை. பருவமழைப் பாடம் நடத்தப் போனால் பருவமழையால் பிள்ளைகள் இல்லை.

நல்ல செய்தி: ஆறு டேப்லெட் வந்துவிட்டன, பழைய மாணவிகள் உபயம். கம்ப்யூட்டர் டீச்சர் சுதபாதி (‘தி’ என்றால் இங்கே அக்கா) எல்லாவற்றிலும் ஓர் இலவச வரைபடத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார். நாமே புள்ளி வைக்கலாம், நிறம் கொடுக்கலாம். ஒருத்தி வைத்த புள்ளி உடனே எல்லார் திரையிலும். இருபது வருஷமாகச் சுருட்டி வைத்த படத்தை ஆணியில் மாட்டிக் கொண்டிருந்தவள் நான். இரண்டு தடவை தப்பான இடத்தைத் தொட்டேன். சுதபாதி பக்கத்திலேயே நின்றார், மகராசி.

த.ஆ. (தலைமை ஆசிரியை) எட்டிப் பார்த்து ஒரே கேள்வி: "பரீட்சைக்கு வருமா?" வரும் என்றேன். எப்படி என்று கேட்பதற்குள் மணி அடித்தது.

சாயங்காலம் முருகேசன் அண்ணாச்சி கடை. தூத்துக்குடிக்காரர், துறைமுக டாக் கேட் பக்கம் இட்லிக் கடை. மகள் என் வகுப்பு. பதிவேட்டில் செல்வமீனா, தெருவுக்கே மினு. வகுப்பிலேயே குட்டி. இன்றும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, இவள ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். என் தங்கச்சி வீட்டுல இருந்து படிக்கட்டும்."

போன மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத சாக்கடை. மினு கால் வைத்து உள்ளே போய்விட்டாள். கைவண்டி இழுக்கிறவர் ஒருவர் சடையைப் பிடித்து மேலே தூக்கியிருக்கிறார். எனக்குத் தெரியும், ஆனால் அண்ணாச்சி வாயால் இன்றுதான் கேட்டேன். சொல்லும்போது சட்னிக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது அவருக்கு. "மழ பெஞ்சா அனுப்ப மாட்டேன். மழ நாலு மாசம். அப்புறம் எங்க படிக்க?"

மினு உள்ளேயிருந்து வங்காளத்தில், "மிஸ், ஆமி ஜாபோ நா." நான் போக மாட்டேன்.

தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. அங்கே போய் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை என்ன செய்வாள்?

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பெருங்காயம் வாங்கியாயிற்று. குடை இல்லை.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். எட்டு-பியிடம் சொன்னேன்: இந்த வருஷம் நம் வரைபடம் தண்ணீர் வரைபடம். அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி. எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது. அதற்காக யாரும் புதிதாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, வழக்கமாக வரும் வழி மட்டும், வழக்கமாகக் கூட வருபவரோடு மட்டும். வந்ததும் முதல் பீரியடில் டேப்லெட்டில் புள்ளி.

நிறம்: மஞ்சள் கணுக்கால் தண்ணீர். ஆரஞ்சு முழங்கால் தண்ணீர். சிவப்பு இடுப்புத் தண்ணீர். இந்த ஊரில் மழையை அளப்பதே இப்படித்தான். பால்காரர், பஸ் கண்டக்டர், த.ஆ., எல்லாரும் "ஹாட்டு ஜோல்" என்றால் முழங்கால் தண்ணீர், மறுபேச்சு கிடையாது.

மூடி இல்லாத சாக்கடைக்குக் கறுப்பு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில்: "கிளை மிஸ், கிளை!" தெருக்காரர்கள் யாராவது மரக்கிளை ஒடித்தோ மூங்கில் நட்டோ சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். ஆமாம், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். யார் நடுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எந்த மகானுபாவர்களோ, நன்றி.

வகுப்பில் பேச்சு வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்து. இங்கே எழுத உட்கார்ந்தால் எல்லாம் தமிழாகிவிடுகிறது.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. "நல்ல" என்று எழுதிவிட்டேன், ரகு பார்த்தால் சிரிப்பார்.

புள்ளிகள்! திரை முழுக்க. நஸ்ரீன் மட்டும் பதினைந்து வைத்தாள், கூடைப்பந்து டீம், கொக்கு மாதிரி உயரம், எந்தத் தண்ணீரிலும் நடந்து வந்துவிடுவாள். பாரமிதா நான்கு. ஒருத்தி தன் வீட்டுக் கட்டிலின் மேல் ஒரு புள்ளி வைத்து "இங்கே காய்ந்திருக்கிறது மிஸ்" என்றாள். வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

ரேஷன் கடைச் சந்து முழுக்க மஞ்சள். கறுப்பு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி கடையிலிருந்து பள்ளிக்கு நேராக வருகிற சந்து!

சுதபாதி டிபன் டப்பாவில் பாதியை என்னிடம் தள்ளினார். பருப்புக் கிச்சடி, கத்திரிக்காய் வறுவல். மழைக்கு வேறென்ன வேண்டும்?

ஜூலை 11, வெள்ளி

அண்ணாச்சியிடம் என் போனில் காட்டினேன். மஞ்சள் என்றால் கணுக்கால் அளவுதான், பிள்ளைகளே நடந்து பார்த்துப் போட்டது என்று பெருமையாகச் சொன்னேன். போனைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க சொல்லுதீங்கன்னா சரி டீச்சரம்மா. அடுத்த மழைக்கி நானே கூட்டியாரேன்."

மினு குதித்தாள். எனக்கும் குதிக்கத்தான் தோன்றியது. காசு வாங்காமல் இரண்டு வடை கட்டிக் கொடுத்தார். பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன், ரகுவுக்கு மிச்சம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்றிலிருந்து மழை. மினு வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மதியம் அண்ணாச்சி மட்டும் வந்தார். வேட்டி மடித்துக் கட்டி, கெண்டைக்கால் வரை சேறு. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"டீச்சரம்மா, கணுக்கால்னு காட்டுனீங்களே. யாரு கணுக்காலு?"

சந்துக்குள் பத்தடி போவதற்குள் மினுவுக்கு முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. போன வருஷ ஞாபகம். அப்படியே உறைந்து நின்றுவிட்டாளாம், முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"டிக்கெட் போட்டாச்சு. இருபத்தாறாம் தேதி, சனிக்கிழம. என் மச்சான் கூட்டிட்டுப் போறான்."

போய்விட்டார்.

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ரேஷன் கடைச் சந்தில் அத்தனை புள்ளியும் நஸ்ரீன் வைத்தது. அவளுக்குக் கெண்டைக்கால் வரைதான், முழங்காலுக்கு எட்டவில்லை, மஞ்சள் போட்டாள். அவள் மேல் என்ன தப்பு? நிறம் சொல்லிக் கொடுத்தது யார்? நாற்பது பெண்கள், நாற்பது முழங்கால், ஒரே நிறம். இருபது வருஷமாகப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறேன், அளவுகோல் இல்லாத வரைபடம் வரைபடமே இல்லை என்று முதல் பாடத்திலேயே சொல்பவள். எங்கே கொண்டு போய் முகத்தை வைத்துக்கொள்ள?

ரகுவிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான், "இந்த ஊர் மொத்தமும் ஹாட்டு ஜோல்னு சொல்லுது. நீ மட்டும் என்ன பண்ணுவே? இதுவரைக்கும் யாரும் யார் முழங்கால்னு கேட்டதில்லை." அந்தக் காபிக்கும் அந்த வார்த்தைக்கும் இவரை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. மினு வந்தாள். கண் வீங்கி.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் மிஸ் நான் தப்புச் செய்துவிட்டேன், எல்லாரும் சேர்ந்து சரி செய்யலாமா? நஸ்ரீனையும் மினுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். சிரிப்பு. மினுவின் முழங்கால் நஸ்ரீனின் கெண்டைக்காலில் வந்தது. நஸ்ரீன் சிரிக்கவில்லை. "மினு, நான்தான் அந்தப் புள்ளியெல்லாம் வைச்சேன்" என்றாள். மினு, "தெரியும். உனக்கு அது மஞ்சள்தானே" என்றாள். அவ்வளவுதான். பெரியவர்கள் நாங்கள் என்றால் ஒரு மாதம் பேசாமல் இருப்போம்.

என்ன செய்யலாம்? ஸ்கேல் வைத்து அளக்கலாம் என்றாள் ஒருத்தி. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, ஸ்கேலை வாயில் கவ்வுவதா? சுவரில் எத்தனை செங்கல் முங்கியது என்று எண்ணலாம் என்றாள் இன்னொருத்தி. சேற்றுத் தண்ணீரில் செங்கல் எங்கே தெரியும்?

நஸ்ரீன்தான் சொன்னாள். "மிஸ், எல்லாரும் மினு முழங்காலையே வைச்சுக்கலாம். அவ போக முடிஞ்சா எல்லாரும் போகலாம்."

அப்புறம் ஒரே அமர்க்களம். மினு பக்கத்தில் ஒவ்வொருத்தியாக நின்று, மினுவின் முழங்கால் எங்கே வருகிறதோ அங்கே தன் காலில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு. பாரமிதாவுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. நஸ்ரீனுக்கு எங்கோ கீழே. தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றால் பச்சை, மினு போகலாம். கோட்டைத் தொட்டால் சிவப்பு, மினு போகக் கூடாது. சாக்கடைக் கறுப்பைத் தவிர இரண்டே நிறம். பழைய புள்ளிகள் அத்தனையும் அழித்தாயிற்று.

குளித்தால் கோடு போய்விடுமே? சுதபாதி தையல் வகுப்பிலிருந்து நூல் கொண்டுவந்தார். மினுவின் முழங்கால் உயரத்துக்கு வெட்டி ஆளுக்கு ஒன்று, பென்சில் பெட்டியில். காலையில் நூலைத் தரையிலிருந்து பிடித்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ள வேண்டியது.

முதலில் கூனிக் குறுகி நின்றாள் மினு. இருபதாவது ஆளுக்கு வரும்போது, "நேரா நில்லு, காலை மடக்காதே" என்று அதட்டல். வகுப்பிலேயே குட்டி என்று எல்லாரும் தலையில் தட்டிப் போகிற பெண்.

எனக்கும் ஒரு கோடு. ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சுதபாதி போட்டார். "இந்த வயசில் பேனாவால் கால் அலங்காரம்!" சிரித்துச் சிரித்துக் கோடு கோணலாகிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

வெயில். சுள்ளென்று.

நேற்றும் மழை இல்லை. கல்கத்தாவில் ஜூலையில் இரண்டு நாள் வெயிலா? ஆடி பிறந்த அன்றே மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கிடர்பூர்க்காரர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள்.

கீழ்வீட்டு பௌதி (அண்ணி) மாடிப்படியில்: "மழையைக் காணோமே என்று நீ ஏன் கவலைப்படுகிறாய்? நீதான் இலிஷ் மீன் தின்பதில்லையே!" ஊர் முழுக்க மழை என்றால் மீன் ஞாபகம். எனக்கு முழங்கால் ஞாபகம்.

சனிக்கிழமை ரயில், வருகிற சனி இல்லை, அதற்கு அடுத்தது. விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணினேன்.

ஜூலை 19, சனி

கொட்டித் தீர்த்தது. நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்து இன்று காலை வரை.

அரை நாள் பள்ளி. மழைக்கு வராத கூட்டம் இன்று வந்துவிட்டது! மினு இல்லை, அது எதிர்பார்த்ததுதான். மற்றவர்கள் நேராக டேப்லெட்டிடம் ஓட்டம். கால் துடைக்கச் சொல்லிக் கத்தினேன், யார் கேட்டார்கள்?

பெரிய திரையில் போட்டோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ரேஷன் கடைச் சந்து ரத்தச் சிவப்பு. போச்சு என்று நினைத்தேன். அப்போது பாரமிதா, "மிஸ், இது என்ன கோடு?"

அண்ணாச்சி கடைக்குப் பின்னால் பாலத்துப் பக்கத்திலிருந்து பள்ளிப் பின் கேட் வரை பச்சைப் புள்ளிகள். வேறு வேறு பெண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வைத்தவை. ஏறக்குறைய நேர்க்கோடு. இந்தப் பேட்டையில் எந்தச் சந்து நேராகப் போகிறது? நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள், ஏன் நேராக இருக்கிறது? பத்து நிமிஷம் சண்டை. கடைசியில் பாரமிதாவேதான்: அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. டாக் சுவர் ஓரம் அந்தக் காலத்தில் சரக்கு ரயில் ஓடிய பாதை. மேடு போட்டுத் தண்டவாளம் போட்டிருந்தார்கள், இப்போது மேலே டீக்கடையும் லாரி நிறுத்தமும். மேடு மட்டும் மிச்சம்.

சம உயரக் கோடு. எத்தனை வருஷமாக, இவர்கள் பார்த்தே இராத மலைகளின் படத்தைக் காட்டி அதை விளக்கியிருக்கிறேன்! இன்று நாற்பது கால்கள் அதைத் தாமே கண்டுபிடித்தன. கறுப்புப் புள்ளி ஒன்றே ஒன்று, அதிலும் கிளை நட்டிருக்கிறது. சுற்று வழிதான், கொஞ்சம் கூட நடக்க வேண்டும். ஆனால் பச்சை.

கண் கலங்கிவிட்டது. வெட்கம் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகள் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

த.ஆ. பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இருபத்தெட்டாம் தேதி பரீட்சை, ஆனாலும் பரீட்சைக்கு வருமா என்று கேட்கவில்லை. "அந்த மேட்டு வழியில் என் ரிக்‌ஷா வருமா?" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். ரகுவையும் இழுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு. புதுக் குடை (ஒருவழியாக).

கூட்டம். தோசைக்கல்லை விட்டு அவர் நகரவே இல்லை. எச்சில் தட்டுகள் எடுக்கும் இடத்தில் நின்று சொன்னேன். என் தப்பை முதலில். அப்புறம் மினு அளவு. அப்புறம் பச்சைக் கோடு. போனை வாங்கவில்லை, கை மாவு. நான் பிடித்துக் காட்டினேன், குனிந்து பார்த்தார்.

"எல்லாம் எம் பிள்ள முழங்கால வைச்சா?"

"ஆமா அண்ணாச்சி. நாற்பது பேரும்."

தோசையைத் திருப்பினார். "பாக்கேன் டீச்சரம்மா."

அவர் மனைவி உள்ளேயிருந்து மெதுவாக, "அவுக வாயில இருந்து பாக்கேன்னு வந்ததே பெரிசு. ஆனா டிக்கெட்ட ரத்து பண்ணல."

மினு என் குடையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். பெட்டியில் பாதித் துணி வைத்தாயிற்று என்று சொன்னாள்.

வற்புறுத்தவில்லை நான். எப்படி வற்புறுத்துவது? சாக்கடைக்குள் போனது அவர் பிள்ளை. பஸ்ஸில் ரகு கேட்டார், "நம்ம பிள்ளையா இருந்தா அனுப்புவியா?" நான் சொன்னேன்: முதல்ல நானே நடந்து பாப்பேன், அப்புறம் அனுப்புவேன்.

ஜூலை 23, புதன்

இரவு முழுக்க மழை. காலையில் பஸ் இல்லை, டாக்ஸியில் மூன்று பேர் சேர்ந்து வந்தோம். முன் பின் தெரியாத ஒரு அம்மா தன் மடியில் என் பையை வைத்துக்கொண்டார், நனையக் கூடாதாம். என்ன பேர் என்றுகூடக் கேட்கவில்லை நான்.

முதல் பீரியட். மினு இல்லை.

இரண்டாவது. இல்லை. பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நஸ்ரீன் ஜன்னல் பக்கமே நின்றாள். உட்கார் என்று சொல்ல மனசு வரவில்லை.

மூன்றாவது பீரியட் பாதியில் நஸ்ரீன் கத்தினாள். என்ன வார்த்தை என்று புரியவில்லை, கத்தல் மட்டும். வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு. நானும்தான்.

பின் கேட். மினு முன்னால், தானே நடந்து. இரண்டடி பின்னால் அண்ணாச்சி, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பாவாடை விளிம்பு காய்ந்திருந்தது!

படியிறங்கி ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. மினு என்னைத் தாண்டி மேலே ஓடிவிட்டாள். "மிஸ், ஒரு இடம் தப்பு, டேப்லெட் எங்க?"

அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தார். இடது கெண்டைக்காலில், அத்தனை முடிக்கும் சேற்றுக்கும் நடுவில், நீல மையில் ஒரு கோடு.

"காலையில முதல்ல நான் மட்டும் வந்து பாத்தேன். முழுசா ஒரு நட. அப்புறம் திரும்பிப் போயி இவளக் கூட்டியாந்தேன், அதான் நேரமாயிட்டு. லாரி நிக்கிற எடத்துல ஒரு பள்ளம், கோட்டத் தொட்டுட்டு. அவகிட்ட சொல்லியிருக்கேன், மாத்திருவா."

நன்றி அண்ணாச்சி என்றேன். எதுக்கு டீச்சரம்மா என்றார். கால் நனைகிறது என்று வாட்ச்மேன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அண்ணாச்சி உட்காரவில்லை, கடையில் கூட்டம் இருக்குமாம். சனிக்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பயம்.

கேட் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"திங்கக்கிழம பரீட்சைன்னு சொல்லுதாளே. எத்தன மணிக்குக் கூட்டியாரணும்?"

எட்டு மணிக்கு என்றேன். சரி என்று போய்விட்டார்.

பள்ளி திறப்பதே ஒன்பதரைக்கு. என்ன உளறினேனோ சந்தோஷத்தில். போன் போட்டுச் சொல்ல வேண்டும்.